சங்கத்து பிக்னிக்கை ஆற்றங்கரைக்கு மாற்றுங்கள்: ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் அயோவாவிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் தமிழ்ச் சங்கம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கோடைக்கால ஒன்றுகூடல் அறிவிப்பு வந்து சேர்ந்தது. போன ஆண்டு அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. நானும் பதினொரு வருடமாக அதே புளியோதரையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

ஆனால் அந்தப் பதினொரு வருடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நகரப் பூங்காவில் அதே கொட்டகை. அலுமினியத் தட்டுகளில் பிரியாணி, ஒரு ஓரத்தில் சைவத்துக்குத் தனி மேசை. குழந்தைகளுக்கு இசை நாற்காலி, பெரியவர்களுக்கு உறியடி, எல்லாருக்கும் ஒலிபெருக்கி. ஐந்து மணிக்குக் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்பதால் நாலரைக்கே குப்பைப் பைகளைக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோம். கொட்டகைக்குப் பின்னால் ஐம்பது அடி தூரத்தில் ஒரு ஏரி இருக்கிறது. நம்மில் ஒருவர் அதில் கால் நனைத்து நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் ஒரு மாற்றம் கேட்கிறேன். ஒரே ஒரு சனிக்கிழமை இரவு. ஏதாவது ஒரு கிராமப்புறக் கவுண்டியின் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கலாம்.

கவுண்டி என்றால் நம் ஊர்க் கணக்கில் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவே வரும் ஒரு அளவு. அயோவாவில் 99 கவுண்டிகள் உண்டு. 1955இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: எந்தக் கவுண்டி மக்களும் வாக்களித்துத் தங்களுக்கென ஒரு இயற்கைப் பாதுகாப்பு வாரியத்தை அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாக அமைத்து, இன்று 99 கவுண்டிகளுக்கும் வாரியம் இருக்கிறது. ஒவ்வொரு வாரியத்திலும் ஐந்து உறுப்பினர்கள், ஐந்தாண்டுப் பதவிக்காலம், சம்பளம் கிடையாது. ஏரிக்கரையில் மேசை போடுவது, ஆற்றில் படகு இறக்கப் பாதை வெட்டுவது, கைவிடப்பட்ட ரயில் தடத்தை சைக்கிள் பாதையாக்குவது, வசந்தத்தில் புல்வெளிக்குக் கணக்காகத் தீ வைத்துக் களை அடக்குவது எல்லாம் இவர்களுடைய வேலை. இந்த மாநிலத்தில் ஏறக்குறைய 97 விழுக்காடு நிலம் தனியாருடையது. மீதியில்தான் மான், மீன், நீங்கள், நான், எல்லாரும். அதில் ஒரு பங்கை இந்தக் கவுண்டிக்காரர்கள் காபந்து பண்ணி வைத்திருக்கிறார்கள்.

நமக்கோ விடுமுறை என்றால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காதான். மாநிலத் தலைநகர் டி மொயினிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைல். வேனில் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்து போய், வெந்நீர் ஊற்று பீறிடுவதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம். நானும் போயிருக்கிறேன், அருமையான இடம். ஆனால் என் மகளுக்கு அங்கே உள்ள காட்டெருமையைத் தெரிந்த அளவுக்கு, அவள் பிறந்த மாநிலத்தில் என்ன புல் முளைக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான்.

தெரிய வைத்தவர் என் அப்பா. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயி. ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வந்து பத்தாம் நாளே, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, தெருவில் போகும் கார்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். இந்தக் காட்சியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோடையில் அந்த நாற்காலி போடப்பட்டிருக்கும்.

அந்த ஜூலையில் அவரை அழைத்துக்கொண்டு மாநிலத்தின் வடகிழக்கு மூலைக்குப் போனோம். வின்னஷீக் கவுண்டி. மொத்த மக்கள்தொகையே சுமார் 20,000தான். தலைநகர் டெக்கோரா, நார்வேயிலிருந்து வந்தவர்கள் வேரூன்றிய ஊர். கவுண்டியின் பெயரும் ஊரின் பெயரும் மட்டும் நார்வேயுடையவை அல்ல, ஹோ சங்க் பழங்குடித் தலைவர்களுடையவை. அவர்களுடைய மக்களை 1848இல் இங்கிருந்து மினசோட்டாவுக்குக் கிளப்பி அனுப்பிவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பலகையைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

அயோவா என்றால் தோசைக்கல் போலத் தட்டையான மக்காச்சோள வயல் என்றுதானே நினைப்போம்? இந்த மூலை அப்படி இல்லை. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் இங்கே எட்டவில்லை. ஆகவே மேடும் பள்ளமும், செங்குத்தான சுண்ணாம்புக்கல் பாறைகளும், கோடையிலும் விரல் விறைக்கும் குளிர்ந்த ஊற்றுகளும் அழியாமல் இருக்கின்றன. அந்தக் குளிர்ந்த நீரில் டிரவுட் மீன் வளர்கிறது. நடுவே அப்பர் அயோவா ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. கெண்டல்வில் என்ற சின்னஞ்சிறு ஊரில் ஆற்றை ஒட்டிக் கவுண்டியின் முகாம் பூங்கா ஒன்று உண்டு. கேல்மருக்கு அருகே லேக் மேயர் என்று இன்னொன்று, சிறிய ஏரியோடு. கேல்மரிலிருந்து கிரெஸ்கோ வரை பழைய ரயில் பாதை மேல் சுமார் 20 மைல் சைக்கிள் தடமும் இருக்கிறது.

ஆற்றோரத்தில் கூடாரம் அடித்தோம். அடித்தோம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. என் கணவர் குறிப்புத்தாளைப் படிக்க, மகள் கம்பிகளைக் கோக்க, இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா அதற்குள் மூன்று கல்லைப் பொறுக்கி வந்து அடுப்புக் கூட்டிவிட்டார். நெருப்புக்கென்று இரும்பு வளையம் பதித்திருக்கிறார்கள், அதற்குள்தான் மூட்ட வேண்டும் என்று சொன்னதும் கல்லை வளையத்துக்குள் நகர்த்தி வைத்துக்கொண்டார். பால் பொங்கியபோது சொன்னார், இது குலதெய்வம் கோயிலுக்கு வந்தது போலவே இருக்கிறதே என்று.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. கேம்பிங் என்பது வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு ஒத்து வராது என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்! வண்டி கட்டிக்கொண்டு போய், காட்டுக்குள் இருக்கும் சாமிக்குப் பொங்கல் வைத்து, சமுக்காளத்தை விரித்து, நட்சத்திரம் பார்த்துப் படுத்து எழுந்து வந்த கூட்டம்தானே நாம்? அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக்கரையில் இரவெல்லாம் கிடந்தவர்கள் நம் பாட்டிமார். கட்டுச்சோறு என்ற சொல்லையே வைத்திருக்கும் மொழிக்கு இது புதிதா?

மறுநாள் காலை பக்கத்து ஹோவர்டு கவுண்டிக்குப் போனோம். அங்கே ஹேடன் பிரெய்ரி என்று 240 ஏக்கர் புல்வெளி இருக்கிறது. இது கவுண்டியுடையது அல்ல, மாநிலப் பாதுகாப்பில் உள்ளது. தாவரவியலாளர் ஏடா ஹேடன் நினைவாக அந்தப் பெயர். ஒரு காலத்தில் அயோவாவின் பெரும்பகுதி இப்படிப்பட்ட உயர்ந்த புல்வெளிதான். கலப்பை வந்த பிறகு மிஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிஞ்சியதில் கரிய மண் கொண்ட பெரிய துண்டு இது.

அப்பா பாதையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எலி போன்ற ஏதோ ஒரு பிராணி வளை தோண்டி வெளியே தள்ளியிருந்த மண்குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தார். கருப்பு. நம் கரிசலைப் போலவே கருப்பு. ஆனால் உடனே தலையை ஆட்டினார். இது கரிசல் இல்லை, இது ஒட்டவில்லை, உதிர்கிறது, வெயிலில் வெடிப்பும் விட்டிருக்காது என்றார். சரிதான். நம் கரிசல் களிமண், மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாகப் பிளக்கும். இங்கே மண்ணைக் கருப்பாக்கியது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிய புல்வேர். அங்கிருக்கும் பெரிய நீலத்தண்டுப் புல் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், வேர் அதைவிட ஆழமாக இறங்கும். அந்தப் புல் நம் சோளத்துக்கும் கரும்புக்கும் பங்காளி முறை, ஒரே குலம். இதைத் தாவரவியல் சொல்கிறது. அப்பாவோ தாவரவியல் படிக்காமலே தண்டைப் பார்த்துவிட்டுச் சோளத்தட்டை ஜாதிதான் இது என்று சொல்லிவிட்டு நடந்தார். மாட்டுக்கு நன்றாக இருக்குமே என்று அறுக்கக் கை நீட்டியவரை, தாத்தா, இங்கே எதையும் பறிக்கக் கூடாது என்று பேத்தி தடுத்தாள்.

பிறகு சாலையோரப் பள்ளத்துக்கு வந்தோம். அங்கே தடித்த இலைச் செடி ஒன்றின் நுனியைக் கிள்ளினார். பால் வடிந்தது. எருக்கு, என்றார். எருக்கு இல்லை, ஆனால் எருக்கின் குடும்பமேதான். மில்க்வீட் என்பார்கள். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இதைத் தவிர வேறொன்றும் தின்னாது. ஊரில் எருக்கஞ்செடியைச் சுற்றும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் இந்த மொனார்க்கும் ஒரே பேரினம். இலையைப் புரட்டினால் அடியில் கருப்பு மஞ்சள் வெள்ளை வரி போட்ட புழு ஒன்று விளிம்பை மென்றுகொண்டிருந்தது. பேத்தியும் தாத்தாவும் அந்தப் பள்ளத்தில் முக்கால் மணி நேரம் இருந்தார்கள். அதன் பிறகு அவர் கார் எண்ணவில்லை. அடுத்து எந்தப் பூங்கா என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கோடையில் ஏழு கவுண்டிகளைப் பார்த்தோம்.

எல்லாம் இனித்தது என்று சொன்னால் பொய். வேறொரு பூங்காவில் ரக்கூன் வந்து ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தது. அதற்குக் கை இருக்கிறது, விரல் இருக்கிறது, நம்மைவிட நன்றாகத் திறக்கிறது. தயிர்சாதம் முழுவதையும் தின்றுவிட்டு, ஊறுகாயை மட்டும் முகர்ந்து பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தது. இட்லி மாவு குளிரில் புளிக்கவே இல்லை. கல் போன்ற இட்லியைச் சாம்பாரில் முக்கித் தின்றோம். ஓர் இரவு இடி மின்னலோடு மழை கொட்டி, நான்கு பேரும் குளியலறைக் கட்டடத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். புயல் எச்சரிக்கை வந்தால் கூடாரத்தை நம்பாதீர்கள், கல் கட்டடத்துக்கு ஓடுங்கள்.

பிறகு அந்தப் பாட்டு விவகாரம். என் கணவர் சின்ன ஒலிபெருக்கியில் பழைய பாட்டுப் போட்டிருந்தார். பக்கத்துக் கூடாரத் தளத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். கைவிளக்கை எங்கள் முகத்தில் அடிக்காமல் தரையைப் பார்த்துப் பிடித்திருந்தார். பாட்டு நன்றாக இருக்கிறது, பத்து மணி ஆகப்போகிறது என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. ஆகவே முதல் வேண்டுகோள் உங்களுக்கே: ஒலிபெருக்கியைச் சங்க அலுவலகத்திலேயே பூட்டி வையுங்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடட்டும், ஒன்பதரை மணி வரை.

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். கழிப்பறை எப்படி? பல முகாம் பூங்காக்களில் வெந்நீரோடு குளியலறை இருக்கிறது. சிலவற்றில் குழிக் கழிப்பறை மட்டும்தான், முன்பே விசாரித்துக்கொண்டு போக வேண்டும். செலவு? நான் போன எந்தக் கவுண்டிப் பூங்காவிலும் நுழைவுக் கட்டணம் கேட்டதில்லை. இரவு தங்க, மின்வசதியோடு சேர்த்தே, பெரும்பாலும் முப்பது டாலருக்குள் முடிந்துவிட்டது. சில தளங்களை முன்பதிவு செய்யலாம், சில முதலில் வருபவருக்கு. நுழைவாயில் பெட்டியில் உறை இருக்கும், பணத்தைப் போட்டு, எண்ணை எழுதிச் செருக வேண்டும். பார்க்க ஆளில்லை என்று அந்த உறையைத் தாண்டிப் போகிறவர் நம்மில் ஒருவராக இருக்கக் கூடாது.

அடுத்த கேள்வியை யாரும் கூட்டத்தில் கேட்க மாட்டீர்கள், தனியே கேட்பீர்கள். அந்த ஊர்களில் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்? பார்ப்பார்கள். கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு நார்வேக் குடும்பம் வந்து கண்மாய்க்கரையில் கூடாரம் போட்டால் நாம் பார்க்க மாட்டோமா? மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்போம். பெரும்பாலும் அதே வேடிக்கைதான் இங்கேயும். ஒரே ஒரு முறை, ஒரு இடத்தில், ஒருவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இருட்டுவதற்குள் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு வேறு பூங்காவுக்குப் போய்விட்டோம். அதை மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கு இந்த மடலை எழுதக் காரணமே அதுதான். தனிக்குடும்பம் தயங்கும். எங்களைப் போல ஒன்றிரண்டு பேர் முரட்டுத்துணிச்சலில் போவோம், மற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் நாங்களும் என்பார்கள். அந்த அடுத்த வருடம் வந்ததே இல்லை. பத்துக் குடும்பம் சேர்ந்தால் தயக்கம் போய்விடும். சங்கம் என்று ஒன்று இருப்பது பின் எதற்கு?

ஆனால் பத்து என்றால் பத்துதான். முந்நூறு பேரைக் கொண்டுபோய் இறக்கினால் அது முற்றுகை. ஒரு தளத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, அதை மீறாதீர்கள். விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், போகிற ஊரிலேயே வாங்குங்கள். ஆசியாவிலிருந்து வந்து இந்த நாட்டின் ‘ஆஷ்’ மரங்களைக் கொன்று குவிக்கும் பச்சை வண்டு, விறகுக்குள் ஒளிந்துதான் ஊர்விட்டு ஊர் பயணம் போகிறது. வின்னஷீக்கை ஒட்டிய அலமாக்கி கவுண்டியில்தான் 2010இல் அயோவாவில் முதன்முதலாக அதைக் கண்டுபிடித்தார்கள். குடிநீர்க் குழாயடியில் குக்கரைத் தேய்க்காதீர்கள். மூன்று மூன்றாக இலை விடும் பாய்சன் ஐவியைக் குழந்தைகளுக்குக் காட்டிக்கொடுங்கள், தொட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். இரவு படுக்கும் முன் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஊரில் மாட்டுக்குப் பார்த்ததுதானே. மீன் பிடிக்க ஆசைப்படும் அப்பாக்களுக்கு: பதினாறு வயதானால் உரிமம் வேண்டும், டிரவுட்டுக்குத் தனியாக இன்னொரு கட்டணம். இலையுதிர் காலத்தில் போவதானால் சில நிலங்களில் வேட்டை நடக்கும். ஆரஞ்சுச் சட்டை போடாமல் காட்டுப் பக்கம் போக வேண்டாம்.

இன்னொன்று, கொஞ்சம் அரசியல். 2010 நவம்பரில் அயோவா மக்கள் ஏறத்தாழ 63 விழுக்காடு வாக்களித்து, இயற்கை வளத்துக்கும் வெளிப்புறப் பொழுதுபோக்குக்கும் ஒரு நிதியை மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். அடுத்து விற்பனை வரி எப்போது கூடுகிறதோ, அப்போது ஒரு சென்ட்டில் எட்டில் மூன்று பங்கு அந்த நிதிக்குப் போக வேண்டும். வரி கூடவில்லை, நிதிப் பெட்டி திறந்தபடி காலியாகவே கிடக்கிறது. உண்டியலைக் கட்டி வைத்துவிட்டுக் கோயிலைப் பூட்டியது போல. நம்மில் வாக்குரிமை பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சங்க விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறீர்களே, அப்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் என்ன? ஆனால் அதற்கு முன் ஒரு இரவாவது அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். போகாத பூங்காவுக்குப் பேசப் போனால் குரல் எழும்பாது.

மின்மினியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை, ஒன்பது மணிக்கு மேல், புல்லின் இடுப்பளவு உயரத்தில் முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு கண் எட்டும்வரை. கூடாரத்தின் வலைக்கு உள்ளே படுத்துப் பார்க்கலாம். கொட்டகை பிக்னிக்கில் நாம் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறோம். ஆகவே நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைப் பார்த்ததில்லை.

வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். ஜூன் கடைசி சனிக்கிழமையை வைத்து, டி மொயின்காரர்களுக்கும் மினசோட்டாவின் ராச்செஸ்டர்காரர்களுக்கும் நடுவே வரும்படி நான்கைந்து பூங்காக்களைக் குறித்து வைத்திருக்கிறேன். முதல் கூட்டத்தில் பேர் கொடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு கூடாரம் உபரியாக இருக்கிறது, இரவல் தருகிறேன். மாவை இந்த முறை வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்து வருவேன். ஐஸ் பெட்டிக்குப் பூட்டு வாங்கியாகிவிட்டது.

அப்பாவும் அந்த வாரம் வந்துவிடுவார். ஊரிலிருந்து களைக்கொத்து ஒன்று எடுத்து வரட்டுமா என்று போன வாரம் போனில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பார் என்று தோன்றவில்லை.

அன்புடன்,
பதினொரு வருடப் புளியோதரைக்காரி